வாசல் பெல்லில் வாக்கர்

என் குடும்பப் பெயர் வாக்கர். யாழ்ப்பாணத்துத் தமிழனுக்கு இது எப்படி வந்தது என்று கேட்காத ஆள் இல்லை. ஊரில் கேட்டவர்களுக்கு ஒரு கதை சொன்னேன். சுவிசில் கேட்டவர்களுக்கு வேறொரு கதை. இரண்டும் பொய். இந்த வயதில் அவற்றைக் கட்டிக் காக்க எனக்குத் தெம்பும் இல்லை, விருப்பமும் இல்லை.

உண்மை இவ்வளவுதான். என் பூட்டனின் தகப்பன் சோற்றுக்கு வழியில்லாமல், அமெரிக்கப் பாதிரிமார் நடத்திய விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்பட்டவர். கடலுக்கு அப்பால் இருந்து யாரோ ஒருவர் ஒரு பையனின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் காசு அனுப்புவார். பதிலுக்கு அந்தப் பையனுக்கு அவருடைய பெயரை வைத்துவிடுவார்கள். கோழிக்குக் காலில் கட்டுகிற துணித்துண்டு மாதிரி, இது இன்னாருடையது என்று ஓர் அடையாளம். திருநீற்றை விட்டுவிட்டுக் கிறிஸ்தவ வேதத்துக்குப் போனவர்கள் நாங்கள். இந்தப் பெயரைத்தான் பிறகு திருநீறு மாதிரி நெற்றியில் பூசிக்கொண்டு திரிந்தோம்.

பெயரின் பொருள் இன்னும் கேவலம். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்த காலத்தில், நூலகத்தில் ஒரு தடித்த அகராதியில் அதைப் பார்த்தேன். காலாற நடந்து போகிற கனவான் என்று எதிர்பார்த்தேன். அகராதி வேறு சொன்னது. நெய்த கம்பளியைத் தொட்டியில் போட்டு, புளித்த மூத்திரத்தை ஊற்றி, துணி இறுகும்வரை காலால் மிதிக்கிற கூலியாளுக்குத்தான் வாக்கர் என்று பெயர். அது இங்கிலாந்தின் வடக்கில். தெற்கே அதே ஆளை ஃபுல்லர் என்றார்கள். ஊருக்கு ஊர் துணி மிதிக்க ஆள் வேண்டியிருந்தது, அதனால் ஊருக்கு ஊர் ஒரு வாக்கர். இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கல்லெறிந்தால் ஒரு வாக்கர் தலையில் விழும். சாராயப் போத்தலிலும் அந்தப் பெயர் ஒட்டியிருக்கிறது.

அகராதியை மூடி வைத்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. அழுக்குத் துணி எடுக்க வருகிற மனிதரைப் படலைக்கு வெளியே நிறுத்தி வைத்துப் பேசிய குடும்பம் எங்களுடையது. நான் எப்படிச் சொல்வேன்?

சுவிசுக்கு அகதியாக வந்தபோது அந்தப் பெயர் இங்கேயும் இருந்தது. ஊரி மாநிலத்து மலைக் கிராமங்களில், எழுத்து அதே, உச்சரிப்பு மட்டும் வால்க்கர் என்று ஏராளமான குடும்பங்கள். ஓர் அலுவலகத்தில் "ஹெர் வால்க்கர்!" என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்து நின்றேன். அந்தப் பெண் என்னைத் தாண்டி, சிவந்த கன்னமுள்ள ஒரு மாட்டுப்பட்டிக்காரனைத் தேடினாள். அதையும் ஒரு மரியாதை என்று எடுத்துக்கொண்ட மடையன் நான். பிறகு ஓர்லிகோனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை மூத்திரம் நாறும் படுக்கை விரிப்புகளை அள்ளி இயந்திரத்தில் போட்டேன். பெயருக்கேற்ற தொழில் என்று சிரித்திருக்கலாம். அதற்குக்கூட எனக்குத் துணிவில்லை. ஊருக்கு எழுதும்போது 'மருத்துவ நிர்வாகம்' என்று எழுதினேன்.

இப்படிப்பட்டவனிடம்தான் என் மகள் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மன்னார்க் கத்தோலிக்கப் பையன். கூர் நகரத்தில் ஆஸ்பத்திரித் தாதி. இங்குள்ள பெரும்பாலான தமிழரைப் போல அவனுக்கும் தகப்பனின் பெயர்தான் குடும்பப் பெயர். நீளமான, நல்ல தமிழ்ப் பெயர். தகப்பன் கடற்றொழிலாளி.

இந்த நாட்டுச் சட்டப்படி கலியாணத்தின்போது இருவரில் ஒருவருடைய பெயரைக் குடும்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, உம்மட அப்பான்ர பேரை இஞ்ச ஒருத்தனுக்கும் சொல்ல வராது. வாடகைக்கு வீடு கேட்டுப் போனா, பேரைக் கண்ட உடனேயே தள்ளி வைப்பாங்கள். எங்கட பேரை எடும். பிள்ளையளுக்கு நல்லது" என்றேன்.

மகள் குறுக்கே வந்தாள். "அப்பா, இரண்டு குடும்பப் பேரையும் சேர்த்து வாசல் பெல்லில போடலாம். இஞ்ச கனபேர் அப்பிடித்தான் போடுகினம்."

"ஏன், ரயில் ஸ்டேசன் போர்ட் மாதிரி நீட்டுக்கோ?"

குசினிக்குள் இருந்து என் மனைவியின் குரல் வந்தது. "உங்கட பேரை உப்புப் போட்டு ஊற வையுங்கோ. இல்லாட்டிக் கெட்டுப்போயிடும்."

பையன் சிரிக்கவில்லை. "அப்பாட்ட ஒருக்காக் கேட்டிட்டுச் சொல்றன் மாமா" என்றான். மறுவாரம் வந்து, "பிள்ளை சந்தோசமா இருந்தாச் சரி எண்டிட்டார்" என்றான். அவனுடைய பெயர் வாக்கர் ஆனது.

வீடு கிடைக்காது என்று நான் சொன்னது வெறும் சாட்டு. அவன் தன் தகப்பன் பெயரிலேயே கூரில் நல்ல வீடு எடுத்து இருந்தவன். எனக்குப் பிடிக்காதது அந்தப் பெயரின் நீளமல்ல, அதற்குரியவரின் சாதி. சாதி என்று வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் பெயர் என்று சொன்னேன். துணி மிதித்தவனின் பெயரை வைத்துக்கொண்டு வலை இழுத்தவரின் பெயரைத் துடைத்தேன். படித்தவன் செய்கிற அயோக்கியத்தனம் இப்படித்தான் இருக்கும், சுத்தமாக, சட்டப்படி.

பேரனின் ஞானஸ்நானத்துக்குச் சம்பந்தி மன்னாரிலிருந்து வந்தார். விமான நிலையத்திலிருந்து நான்தான் அவரைக் கூருக்குக் கூட்டிப் போனேன். யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டின் கை அவருடைய விரல்களை மூடியது. ரயிலில் ஏரியைப் பார்த்து, "என்ன மீன் படும்?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

மகளின் அடுக்குமாடி வீட்டு வாசலில் நான் பெல்லை அழுத்தக் கை நீட்டினேன். அவர் தடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ சம்பந்தி. நான் அமத்துறன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பெல்களுக்குப் பக்கத்தில் இருந்த பெயர்களில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தார். மேலிருந்து கீழே வந்தார். பிறகு கீழிருந்து மேலே போனார்.

"என்ர பேரைக் காணேல்ல. வேற வீட்டுக்கு வந்திட்டமோ?"

"இதுதான் வீடு."

அவர் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பையன் தனியாக இருந்த காலத்தில் அனுப்பிய படம். இதே வாசல், இதே பெல். பக்கத்தில் அவருடைய பெயர். "சுவிசில என்ர பேர் ஒட்டிக் கிடக்கு எண்டு கோயிலடியிலயும் கரையிலயும் காட்டாத ஆளில்லை. பேர் மாத்திறது கடதாசியில மட்டும் எண்டெல்லோ நினைச்சன்" என்றார்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை பிடித்துத் தப்பியிருப்பேன். மன்னிப்புக் கேட்க அது நல்ல நேரம். நான் என்ன செய்தேன்? வாக்கர் என்ற எழுத்தில் விரலை வைத்துச் சொன்னேன்: "இது லேசுப்பட்ட பேரில்லை சம்பந்தி. இங்கிலாந்தில பிரபு குடும்பத்துப் பேர். உங்கட பேரன் இனி அந்தப் பரம்பரை."

"அப்பிடியோ?"

"ஓம்."

கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்தார். "அப்ப நல்லதுதானே" என்றார். பிறகு, கோவில் வாசலில் நிலையைத் தொடுவது போல, என் பெயரைத் தொட்டு பெல்லை அமத்தினார்.

போன மாரியில் அவர் மன்னாரில் இறந்தார். மருமகன் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தான். நான் கூருக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூத்திரத் தொட்டியை, சாதியை, வாசலில் சொன்ன பொய்யை. மகள் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

"திருப்பி மாத்துவம் தம்பி. மாநில அலுவலகத்துக்கு நானே வந்து காரணம் சொல்றன். அதுவரைக்கும் பெல்லிலயாவது அப்பான்ர பேரைப் போடும்" என்றேன்.

அவன் தேநீர்க் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான். "செத்த வீட்டுக்கு வந்த சனம் முழுக்க என்னட்டக் கேட்டது மாமா, 'நீர் பிரபு பரம்பரையாமே, கொப்பர் சொன்னவர்' எண்டு. அவர் திரும்பிப் போனதிலயிருந்து அதைத்தான் சொல்லித் திரிஞ்சிருக்கிறார். இப்ப நான் பேரை மாத்தினா, அவர் பொய் சொன்னவர் எண்டு ஆகும்."

"பொய் சொன்னது நானெல்லோ."

"அது இஞ்ச எங்களுக்குத் தெரியும். அங்க ஆருக்குத் தெரியும்? இருக்கட்டும். பெல்லில போட்டாலும் இனி ஆர் வந்து பார்க்கப்போயினம்?"

அவன் என்னை வெறுக்கவில்லை. வெறுப்புக்குக்கூட ஆளைக் கொஞ்சம் மதிக்க வேண்டும். "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றான்.

பேரனைப் பார்க்க இப்போதும் கூருக்குப் போகிறேன். அந்த வாசலுக்கு வேறு திறப்பு என்னிடம் இல்லை. ஒவ்வொரு முறையும் என் பெயருக்குப் பக்கத்தில் விரலை வைத்து அமத்தித்தான் உள்ளே போக வேண்டும்.