கல்யாண ரோலோடு வளவனூர் வளைவுக்குப் போனேன்

இந்த எண்பத்தஞ்சாம் வருஷ ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, கரி எஞ்சினைப் படம் பிடிக்க வளவனூர்ப் பக்கம் போனேன். திண்டிவனத்தில் எனக்கு ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ. படிப்பு மூணாங்கிளாஸ், படம் மட்டும் கோணாமல் எடுப்பேன். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகிற பாசஞ்சரை இன்னும் கரி எஞ்சின்தான் இழுக்கிறது. டீசல் வரப்போகிறது என்று டீக்கடையில் பேச்சு. அதற்குள் ஒரு படம் எடுத்துக் கடை வாசலில் மாட்ட ஆசை.

கேமராவில் ஏற்கெனவே ஒரு ரோல் இருந்தது. முந்தின நாள் ஒலக்கூரில் செல்வி என்கிற பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை வண்டியேறுகிறார். தாலி கட்டுகிற படம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்று அவர் என்னிடம் மூன்று தடவை சொல்லியிருந்தார். ரோலின் முப்பத்தாறு படத்தில் முப்பது ஆகிவிட்டது. மிச்சம் ஆறை வீணாக்குவானேன்? எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கோயில், மாடு, மச்சான் மகன் என்று எதையாவது எடுத்து ரோலை முடித்துவிட்டுத்தான் கழுவுவோம்.

காலை ஐந்தரைக்கு பஸ். விழுப்புரம் முப்பத்தெட்டு கிலோமீட்டர், மூன்றே கால் ரூபாய். ஸ்டேஷன் எதிரே வாடகை சைக்கிள், மணிக்கு ஐம்பது காசு. பிரேக் பிடிக்கிற சைக்கிள் வேண்டும் என்று கேட்காதீர்கள், கடைக்காரர் மனம் நோகும். வளவனூர் ரோட்டில் ஏழு கிலோமீட்டர் மிதித்துக் கரும்புக் கொல்லை வரப்பில் இறங்கினால் வளைவு. தண்டவாளம் அரிவாள் மாதிரி திரும்பும்; எஞ்சினும் கடைசிப் பெட்டியும் ஒரே படத்தில் விழும்.

எட்டே காலுக்கு வண்டி வந்தது. புகை தூண் மாதிரி நின்றது. ஐந்து படம் எடுத்தேன். ஆறாவதுக்குக் கண்ணை வைத்தால் எதிரே ஒரு காக்கிச் சட்டை, ரயில்வே போலீஸ்.

"இன்னாய்யா பண்ணிக்கினு இருக்கே? பர்மிஷன் இருக்கா?"

"ரயிலைத்தாங்க எடுத்தேன். அதுவே ஒண்ணும் சொல்லலைங்களே."

"நக்கலா? குடு அதை."

அங்கேயே கும்பிட்டிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்குமா? "உங்களையும் ஒண்ணு எடுக்கலாம்னு பாத்தேங்க. தொப்பை ஃபிரேமுக்குள்ள அடங்கல."

கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. கேமராவைப் பிடுங்கினார், பின்மூடியைத் திறந்தார், பிலிமை வெயிலுக்குக் காட்டினார்.

"கல்யாணப் படம்ங்க அது!"

"ரயில் ரோட்ல எவன்யா கல்யாணம் பண்ணான்? போ, ஜல்தி!"

மனுஷனா அவன்? பர்மிஷன் இல்லையென்றால் துரத்து, அபராதம் போடு. ஒரு குடும்பத்தின் படத்தை எரிக்க யார் உரிமை கொடுத்தது? இதை எழுதும்போதும் கோபம் ஆறவில்லை. பாதிக் கோபம் என் நாக்கின் மேல்.

சாயங்காலம் கழுவிப் பார்த்தேன். முதலில் எடுத்தது உள்ளே சுற்றியிருக்கும், அது தப்பித்தது. வாசலில் கட்டிய வாழைமரம், சாம்பார் அண்டா, மாப்பிள்ளை வந்த ஜீப். தாலி கட்டியது, மாலை மாற்றியது, ரயில், எல்லாம் கன்னங்கரேல்.

சனிக்கிழமை ஒலக்கூருக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "இன்னொரு தரம் கட்டுற மாதிரி கையை மட்டும் வெச்சாப் போதும்மா" என்று சொல்லிவிட்டேன். செல்வியின் அம்மா சீறினார்.

"தாலியை ரெண்டாந்தரம் கட்டுறதா? எம்பொண்ணு முன்னால இன்னா வார்த்தை பேசுற? வாயைக் கழுவுய்யா!"

அவர் திட்டியது நியாயம்.

அந்த வளைவுக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். புது ரோல் போட்டுக்கொண்டு போங்கள். ரயில்வே நிலத்தில் கால் வைக்காதீர்கள். கொல்லைக்காரரைக் கேட்டு வரப்பிலேயே நில்லுங்கள். காக்கியைக் கண்டால் கேமராவை மூடுவதற்கு முன் வாயை மூடுங்கள்.

ஒலக்கூரில் கடைசியில் மாப்பிள்ளைதான் எழுந்தார். "சும்மா பக்கத்துல நிக்கிறோம், எடுங்கண்ணே."

சுவரோரம் நின்றார்கள். "கொஞ்சம் சிரிம்மா" என்றேன்.

"எதுக்குண்ணே?" என்றாள் செல்வி, லென்ஸை நேராகப் பார்த்து.

அப்படியே அமுக்கினேன். ராத்திரியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். எல்லையில் அவர் பையிலிருந்து அதை எடுக்கும்போதெல்லாம், என்மேல் விழ வேண்டிய செல்வியின் பார்வையை அவர்தான் வாங்கிக்கொள்கிறார்.