நீர்நாய்க்காரர் காட்டிய சைகை

பெண் கேட்டு வந்தபோது அவர் நீர்நாய் என்றுதான் சொன்னார். அவளுடைய அப்பாவின் காதில் நீர் விழவில்லை. நாய் மட்டும் விழுந்தது.

"நாய் புடிக்கிற வேலையா?"

"தெருநாய் இல்லீங்க மாமா. ஆத்துல இருக்கும். மீன் தின்னும்."

"அதப் புடிச்சு என்ன பண்ணுவீங்க?"

"புடிக்க மாட்டோம். பாத்துக்குவோம்."

"பாக்கறதுக்கா சம்பளம்?"

சம்பளம் கொடுத்தார்கள். வெளிநாடுகளுக்கும் அனுப்பினார்கள். ஆற்றை விற்றுத் தின்கிற கூட்டத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. ஆகவே அவருக்கும் கிடையாது. சாயக்கழிவு, மணல் லாரி, அணை என்று எங்கே வில்லங்கமோ அங்கே போய்ப் படகில் உட்கார்ந்துவிடுவார். தெருவில் அவருக்குப் பெயர் சூட்கேஸ்.

வீட்டில் இருக்கும் நாட்களில் ஃப்ரிட்ஜுக்குத்தான் ஆபத்து. ஐஸ்கிரீம் என்று நினைத்து அவள் திறந்த டப்பாவில் நீர்நாயின் எச்சம் இருந்தது.

"மோந்து பாரு. மீன் வாசனை வருதா? நல்லா சாப்பிட்டிருக்கு. ஆரோக்கியமான நீர்நாய்."

"ஆரோக்கியமா இருந்துட்டுப் போகட்டும். என் ஃப்ரிட்ஜை விட்டு வெளிய எடுங்க."

ஒருமுறை அவர் பயணத்தில் இருந்தபோது அவள் அதே தெருவில் வேறு வீட்டுக்குக் குடிமாறினாள். அவர் பெட்டியோடு பழைய வீட்டுக்குப் போய், புதிதாகக் குடிவந்தவர்கள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, மனைவி கடைக்குப் போயிருப்பாள் என்று சாவகாசமாகக் காத்திருந்தார். அவள்தான் போய் அழைத்து வந்தாள்.

"சோபா மாறியிருந்துச்சு. நீ புதுசா வாங்கிட்டேன்னு நெனச்சேன்."

"வீடே மாறிடுச்சு! போன்ல படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"ஆத்துச் சத்தத்துல கேக்கல."

இதற்கெல்லாம் சிரித்துவிடுவாள். சிரிப்பு வராத விஷயம் ஒன்றுதான். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கேட் வரை போவார், திரும்புவார், வாயைத் திறக்க மாட்டார். உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றை இரண்டு தடவை அமுக்குவார். உக்காரு, அங்கேயே இரு. நாய்க்குச் சொல்வதுபோல. போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை கிடையாது. இந்த மனுஷனுக்கு நான் ஒரு வீடா, இல்லை பெட்டி மாற்றிக்கொள்ளும் ஸ்டேஷனா? கல்யாணமான புதிதில் வந்த கேள்வி, தலை நரைத்தும் தீரவில்லை. அவரிடம் கேட்கவும் ரோஷம் விடவில்லை.

பதில் சொல்லாமலேயே அவர் போய்விட்டார். ஊர் திரும்புகிற ரயிலில், உட்கார்ந்தபடியே.

அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். இயக்குநர் மைக்கைப் பிடித்தார், விடவில்லை.

"அண்ணனுக்கு வீடு, வாசல், குடும்பம் எதுவும் பெருசில்ல. ஆறுதான் அவருக்கு வீடு!"

கைதட்டினார்கள். முன்வரிசையில் அவள் உட்கார்ந்திருக்கும்போதே தட்டினார்கள். இத்தனை வருடக் கேள்விக்கு இதுதான் பதில் என்றால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. எழுந்து போய் மைக்கை வாங்கினாள்.

"அது எனக்கும் தெரியும் தம்பி. ஊருக்குப் போறப்ப எங்கிட்ட எப்படிச் சொல்லிட்டுப் போவார் தெரியுமா? இப்படித்தான்." கையைக் கவிழ்த்து இரண்டு தடவை அமுக்கிக் காட்டினாள். "உக்காரு, இருன்னு. நீர்நாய்க்கு அவ்வளவு மரியாதை. வீட்டுல இருக்கறது சாதா நாய்தானே!"

முன்வரிசைகள் குலுங்கிச் சிரித்தன. பின்வரிசை சிரிக்கவில்லை. அங்கே ஆற்று வேலைக்காரர்கள் இருந்தார்கள். அவரோடு வருடக்கணக்காகப் படகு ஓட்டியவர் எழுந்தார்.

"அண்ணி, அது உக்காருன்னு இல்ல."

"பின்ன?"

"ஆத்துல வாயத் திறந்தா நீர்நாய்ங்க ஓடிடும். எல்லாம் கைஜாடைதான். குட்டி வச்சிருக்கிற வளையப் பாத்தா அண்ணன் இப்படி அமுக்கிக் காட்டுவாரு. வளை இங்க இருக்கு, எடத்த மனசுல வச்சுக்க, எங்க சுத்தினாலும் திரும்ப இங்கதான் வரணும்னு அர்த்தம்."

கவிழ்த்த கையை அவள் இன்னும் இறக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மைக்கிலேயே, போன மனுஷனைக் கேட்டாள்.

"ஏங்க, இத வாயால சொல்லியிருந்தா என்ன? நான் ஆத்துல குதிச்சு ஓடியா போயிருப்பேன்?"

இப்போது பின்வரிசைதான் முதலில் சிரித்தது. படகுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, ஆறுதான் வீடுன்னீங்களே," என்று மைக்கை இயக்குநரிடம் நீட்டினாள். "அதத் திருத்திச் சொல்லுங்க. இவங்க எல்லாரும் இருக்கறப்பவே சொல்லுங்க."

இயக்குநர் திருத்திச் சொன்னார். கேட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். வாசலுக்குப் போகும் வழியில் மேசைமேல் மாலை போட்ட அவர் படம் இருந்தது. அதைப் பார்த்துக் காற்றை இரண்டு தடவை அமுக்கினாள்.

இந்தத் தடவை அதற்கு, உக்காரு, அங்கேயே இரு என்றுதான் அர்த்தம்.