குதிகாலும் சுருங்கிப்போன பூட்ஸும்

குதிரைப் பந்தய மைதானத்தில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி அவர் எல்லாருக்கும் குதிகால். முதலில் முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே. கடைசியில் அவரே தொலைபேசியை எடுத்து, "குதிகால் பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

புல்லுக்குத் தண்ணீர் விடுவதுதான் அவருடைய வேலை. குழாயைத் திறந்து மூடுகிற வேலைதானே என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கேட்டவர் பிறகு அரை மணி நேரம் நின்றே ஆகவேண்டும். தரை காய்ந்தால் குதிரையின் கால் எலும்பு அடி வாங்கும். ஊறிப்போனால் குளம்பு வழுக்கும், பழைய தசைநார்க் காயம் பிய்ந்துகொள்ளும். காற்றைப் பார்க்காமல் தெளிப்பானைத் திறந்தால் தண்ணீரெல்லாம் வெளிவேலிப் பக்கம் போய் விழும். அப்புறம் உள்வேலியை ஒட்டி ஓடுகிற குதிரைக்கு ஒரு தரை, வெளியே ஓடுகிற குதிரைக்கு இன்னொரு தரை. பந்தயத்துக்கு முதல் நாள் அவசரப்பட்டு நனைத்தாலோ, மேலே வழவழப்பு, அடியில் பாறை. ஆகவே வாரம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக, வேர் வரை இறங்கும்படி விடவேண்டும். எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம்.

சனிக்கிழமை பந்தயம் என்றால் வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்கு வாசல் பலகையில் தரையின் நிலையை எழுதிவிடவேண்டும். எழுதுவதற்கு ஐந்தே வார்த்தைகள்: கெட்டி, நல்லது, கொஞ்சம் இளக்கம், இளக்கம், சேறு. அதைப் பார்த்துத்தான் பயிற்சியாளர்கள் எந்தக் குதிரையை ஓட்டுவது, எதை லாயத்திலேயே விடுவது என்று முடிவு செய்வார்கள்.

அந்த ஒரு வார்த்தையை அவர் தன் வலது குதிகாலால் கண்டுபிடித்தார். பத்தொன்பது வருடப் பழைய பூட்ஸ். அதன் குதி தேய்ந்து தேய்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து, எலுமிச்சம்பழ அளவுக்கு வந்திருந்தது. மைதானத்தில் முப்பத்திரண்டு இடங்களில் நின்று, குதியை ஊன்றி, முழு எடையையும் போட்டு, அரைத் திருப்பு திருப்புவார். பாதி விரல் இறங்கினால் நல்லது. இறங்க மறுத்தால் கெட்டி, தண்ணீர் விடு. முழு விரல் இறங்கினால் இளக்கம், குழாயை மூடு.

மேலாளர் அவர் மகள் வயதுப் பெண். எதையும் எண்ணாகச் சொன்னால்தான் காதில் வாங்குவார். இரண்டு வருடத்துக்கு முன் அவர் ஒரு குத்துக்கம்பி வாங்கி வந்தார். கம்பியை நிறுத்தி, மேலிருந்து ஓர் எடையை விழவிட்டால், முனை எவ்வளவு இறங்கியது என்று அளவு காட்டும். குதிகால் அதை மரியாதையாக வாங்கி அலுவலக மூலையில் நிறுத்தி, அதன்மேல் தன் மழைச் சட்டையை மாட்டினார். இரண்டு வருடமாக அது மழைச் சட்டைக்குத்தான் உதவியாக இருந்தது.

வீட்டில் மனைவி. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். நாள் முழுவதும் பிறர் கால்களைத் துடைத்து, நகம் வெட்டி, எண்ணெய் தடவுகிறவருக்குப் புருஷன் காலைப் பார்க்க வாய்ப்பே இருக்கவில்லை. ஈரப் புல்லில் நடந்து நடந்து பாதம் சில்லிட்டுப் போகிறது என்று குதிகால் சாக்ஸோடுதான் படுப்பார்.

ஒரு சனிக்கிழமைப் பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது குதிகாலுக்கு இரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர் புது பூட்ஸோடு வீட்டுக்கு வந்தார்.

"பழசு என்னாச்சு?" என்றார் மனைவி.

"சுருங்கிப்போச்சு."

"பத்தொம்பது வருஷம் சுருங்காதது இப்பவா?"

"தண்ணியிலயே கிடந்தா எதுதான் சுருங்காது?"

"துணி சுருங்கும். தோல் விரியும்."

"நீ என்ன செருப்புக் கடையா வெச்சிருக்க?" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு அளவு பெரிய பூட்ஸ், உள்ளே பஞ்சு மெத்தை, அகலமான ரப்பர் குதி. பழைய பூட்ஸை மனைவி தூக்கி எறியவில்லை. காற்றில் அடித்துக்கொள்ளும் பின்கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.

அன்று முதல் மைதானம் கெட்டியாகிவிட்டது. ஊன்றினார், இறங்கவில்லை. திருப்பினார், வழுக்கியதே தவிர இறங்கவில்லை. பத்து நாளாக மழை வேறு இல்லை. சரி, காய்கிறது என்று ஒரு சுற்றுத் தண்ணீர் கூட விட்டார். மறுநாளும் இறங்கவில்லை, இன்னொரு சுற்று.

புதன்கிழமை காலை சிடுமூஞ்சி வந்தார். அவர் ஒரு பயிற்சியாளர். இருபது வருடமாகக் குதிகாலோடு சண்டை போட்டுக்கொண்டே நண்பராக இருக்கிறவர். அவரிடம் வெள்ளைக்கால் என்றொரு பெண்குதிரை இருந்தது. போன வருடம் முன்னங்கால் தசைநார் கிழிந்து, பதினோரு மாதம் லாயத்திலேயே நின்று, இந்தச் சனிக்கிழமைதான் மறுபடி ஓடப்போகிறது.

"யோவ் குதிகால், தரை பிசுபிசுங்குதே."

"பனி."

"பனியா? என் ஷூ நனைஞ்சு போச்சுய்யா."

"உன் ஷூ மட்டம். நல்ல ஷூவா வாங்கு."

"இங்க பாரு. என் பொண்ணு இளகின தரையில ஓடினா அந்தக் கால் அவ்வளவுதான். இன்னொரு தடவை கிழிஞ்சா தைக்க முடியாதுன்னுட்டாரு டாக்டர். நீ நல்லதுன்னு சொன்னாத்தான் ஓட்டுவேன்."

"நான் எப்பய்யா தப்பா சொல்லியிருக்கேன்?"

சிடுமூஞ்சி யோசித்துப் பார்த்தார். அப்படி ஒரு நாள் நினைவுக்கு வரவில்லை. அதுதான் அவருக்கு எப்போதும் எரிச்சல். வியாழன் காலை ஊன்றிய குதி ஒருவழியாகப் பாதி விரல் இறங்கியது; பகல் பன்னிரண்டு மணிக்கு வாசல் பலகையில் 'நல்லது' ஏறியது. வெள்ளைக்காலின் பெயர் பட்டியலில் ஏறியது.

அன்று சாயங்காலம் குதிகால் வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றப் பார்த்தார். இடது கால் வந்தது. வலது வரவில்லை. இழுத்தார், முனகினார், சுவரில் உதைத்துப் பார்த்தார். மனைவி வந்து முட்டி போட்டு, குதியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். பூட்ஸோடு சாக்ஸும் கழன்று வந்தது. சாக்ஸின் ரப்பர் இருந்த இடத்தில் காலைச் சுற்றி ஒரு வாய்க்கால்.

மனைவி சாக்ஸைக் கீழே போட்டார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி, பத்து வரை எண்ணி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

"எத்தனை நாளா?"

"எது?"

"இது."

"பூட்ஸ் சுருங்கினதுலேருந்து."

"பூட்ஸ் சுருங்கல. நீங்கதான் ஊறிட்டீங்க. புது மாத்திரைக்கு இப்படி ஆகும், எங்க இல்லத்துலயே ரெண்டு பேருக்கு ஆச்சு. எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? காலைல ஒன்பது மணிக்கு டாக்டர்ட்ட போறோம். மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது. இப்ப காலைத் தூக்கித் தலகாணி மேல வைங்க."

அவர் தூக்கி வைத்தார். தலையணையின் மேல் இருந்த தன் பாதத்தையே பார்த்தார். அப்புறம் கீழே கிடந்த பூட்ஸைப் பார்த்தார். அந்த அகலக் குதியைப் பார்த்தார். முகம் மாறியது.

"ஏன், வலிக்குதா?"

"கால் உப்பினதால பெரிய பூட்ஸ் வாங்கினேன்."

"ஆமா."

"பெரிய குதி லேசுல இறங்காது."

"இறங்காது."

"அப்போ தரை காயல."

மனைவிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வாய்க்குள் சிரித்தார். "அதாவது, காலும் ஊறிடுச்சு, கிரவுண்டும் ஊறிடுச்சு. ஒரே ஆள் ரெண்டு வேலை!"

"சிரிக்காத. அந்தக் குதிரையோட கால் போயிடும்."

மனைவி சிரிப்பதை நிறுத்தினார். கால் போவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். "எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

"ஆறு."

"ஆறுக்கு அங்க, ஒன்பதுக்கு டாக்டர். நானும் வரேன். இல்லன்னா டாக்டரை நழுவ விட்டுடுவீங்க."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு இருவரும் மைதானத்தில் நின்றார்கள். இல்லத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்த மனைவி புல்லைப் பார்த்தார். குனிந்து கட்டைவிரலை ஊன்றி, பத்து எண்ணி எடுத்தார். குழியில் மெல்லத் தண்ணீர் கசிந்து நின்றது.

"இதுக்கும் மாத்திரை மாத்தணும்," என்றார்.

குதிகால் அலுவலகத்துக்குள் போய், மழைச் சட்டையை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். எடையை விழவிட்டார். கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. இரண்டாவது இடம், மூன்றாவது இடம். கடைசி வளைவில் கம்பியைப் பிடுங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. குதிரைகள் முழு வேகத்தில் சாய்ந்து திரும்புகிற இடம் அதுதான்.

"காத்து மேல பழி போடலாம்," என்றார் அவர். "தண்ணி எல்லாம் இந்தப் பக்கம் அடிச்சிடுச்சுன்னு சொல்லலாம்."

மனைவி கைப்பையிலிருந்து துணியை எடுத்துக் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல குழாயில அடைப்பு..."

"மணி ஆறரை. எட்டரைக்கு இங்கேருந்து கிளம்பணும்."

ஏழு மணிக்கு மேலாளர் வந்தபோது, குதிகால் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலக வாசலில் நின்றார். முப்பது வருடத்தில் சொல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

"மேடம், நேத்து போர்டுல போட்டது தப்பு. தரை இளக்கம். வளைவுல சேறு. தப்பு என்னோடது."

"எப்படி ஆச்சு?"

அவர் பேண்ட்டைக் கணுக்கால் வரை தூக்கிக் காட்டினார். மேலாளர் காலைப் பார்த்தார், கம்பியின் எண்களைப் பார்த்தார், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அப்ப இனிமே மழைச் சட்டையை எங்க மாட்டுவீங்க, ஐயா?"

பலகை அழிக்கப்பட்டு மறுபடி எழுதப்பட்டது. பயிற்சியாளர்கள் எல்லாருக்கும் தொலைபேசி போனது. அரை மணி நேரத்தில் சிடுமூஞ்சி வந்துவிட்டார். வண்டியை விட்டு இறங்கும்போதே கத்தினார்.

"பனின்னியேய்யா! என் ஷூ மட்டம்னியே! பதினோரு மாசம்யா, பதினோரு மாசம் கைக்குழந்தை மாதிரி வெச்சுப் பார்த்திருக்கேன்! நாளைக்கு மத்தியானம் அவ காலை முறிச்சிருப்பியே!"

"ஆமா," என்றார் குதிகால். "அதான் இன்னிக்குச் சொன்னேன்."

சிடுமூஞ்சி இன்னும் நிறையத் திட்டத் தயாராகத்தான் வந்திருந்தார். ஆமா என்று சொல்லிவிட்டவனை எப்படித் திட்டுவது? கண் கீழே போனது. பேண்ட் இன்னும் தூக்கியபடியே இருந்தது.

"என்னய்யா கால் இது? என் குதிரைக்கு இப்படி இருந்தா டாக்டர் ஒரு மாசம் லீவு குடுப்பாரு."

"இவருக்கு ஒன்பது மணிக்கு," என்றார் மனைவி. "வழி விடுங்க."

டாக்டர் மாத்திரையை மாற்றினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். மனைவி ஏற்கெனவே குறைத்துவிட்டதால் அதில் பேச ஒன்றும் இருக்கவில்லை.

சனிக்கிழமைப் பந்தயம் நடந்தது. குதிரைகளெல்லாம் வளைவில் உள்வேலியை விட்டு விலகி, கண்காட்சிக்குப் போகிற குடும்பம்போல வெளிவேலி ஓரமாகவே ஓடின. ஒன்று வழுக்கி, முட்டி மண்ணில் பட்டு, எப்படியோ எழுந்து ஓடிவிட்டது. யாரும் எதிர்பார்க்காத, தடித்த கால்களுள்ள ஒரு கிழட்டுக் குதிரை ஜெயித்தது. வெள்ளைக்கால் லாயத்தில் நின்று வைக்கோல் தின்றது. அன்று பகல் வாசல் பலகையில் 'தரை: இளக்கம்' என்பதற்குக் கீழே யாரோ சாக்பீஸால் 'குதிகாலின் கால்: சேறு' என்று எழுதியிருந்தார்கள். குதிகால் அதை அழிக்கப் போனார். மேலாளர் வேண்டாம் என்றார்.

பன்னிரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. பழைய பூட்ஸ் பின்கதவிலிருந்து பதவி உயர்ந்து காலுக்குத் திரும்பியது. புதியது கதவுக்குப் போனது. அகலக் குதி, கதவு அசையவே இல்லை. இப்போது அவர் ஒவ்வொரு இடத்திலும் முதலில் குதிகாலை ஊன்றுகிறார், பிறகு கம்பியை. இரண்டும் ஒத்துப்போனால், "பரவாயில்ல, கம்பி தேறிடுச்சு" என்கிறார்.

அடுத்த மாதம் தரை நல்லது. வெள்ளைக்கால் ஓடியது. எட்டுக் குதிரைகளில் ஐந்தாவதாக வந்தது. சிடுமூஞ்சி அதன் முன்னங்காலை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். சூடு இல்லை, வீக்கம் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற குதிகாலைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஐந்தாவது வந்ததற்கு இவ்வளவு சந்தோஷமா என்று பக்கத்தில் நின்ற யாரோ கேட்டார்கள்.

வீட்டில் ஞாயிறுதோறும் சாக்ஸைக் கழற்றியாகவேண்டும் என்பது புதுச் சட்டம். மனைவி கட்டைவிரலை அழுத்தி, பத்து எண்ணி எடுப்பார். அவர் தலையைத் தூக்கி, "போர்டுல என்ன போடற?" என்பார்.

"நல்லது."

"கம்பி வெச்சுப் பாத்தியா?"

"கம்பியெல்லாம் உங்க மாதிரி ஆளுங்களுக்கு," என்பார் மனைவி. "சாக்ஸைப் போடுங்க, கால் சில்லுனு இருக்கு."