ஓடாத காடி

அதிகம் ஓடாதது, ஒரே ஓனர், ஷோரூம் கண்டிஷன். இந்த மூன்றும் ஒரே விளம்பரத்தில் வந்தால் எனக்கு நம்பிக்கை போய்விடும். பன்னிரண்டு வருஷத்தில் மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது அந்த மோட்டார் சைக்கிள். அதை ஒரு சாதனைபோல எழுதியிருந்தார்கள்.

புனேயில், கட்கியில் எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்காரன் அந்த விளம்பரத்தை போனில் காட்டினான். அவன் சாக்கன் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஷிப்ட் ஏழு மணிக்கு. இரண்டு பஸ் மாறிப் போகிறவனுக்கு அது பாதி நாள் ஏழு இருபதாகிவிடும். இன்னொரு முறை தாமதமானால் கேட்டுக்கு வெளியே நின்றுகொள்ள வேண்டியதுதான் என்று சனிக்கிழமை சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மறுநாளே அவன் என்னைக் கூட்டிக்கொண்டு ஔந்துக்குக் கிளம்பினான்.

விற்பவர் கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அடுக்குமாடி வீடு. கீழே கார்களுக்கு நடுவில், உறை போர்த்தி வண்டி நின்றது. உறையை ஏதோ சிலையைத் திறப்பதுபோல விலக்கினார்.

“காடி சூப்பரா கீது சார்,” என்றான் இவன்.

அவர் சிரித்தார். “காடியா? எங்கூர்ல காடின்னா புளிச்ச தண்ணிங்க. வண்டின்னு சொல்லுங்க.” பிறகு என்னைப் பார்த்து, “இங்கயே பொறந்தவங்க தமிழ் இப்படித்தான் போயிருதுங்க,” என்றார்.

அவன் முகம் சுருங்கியது. அதற்குப் பிறகு அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். அவமானப்பட்டவன் எதையும் கூர்ந்து பார்க்கமாட்டான்.

நான் எஞ்சினைத் தொட்டேன். சூடாக இருந்தது.

“உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சனுங்க.”

பழைய வண்டியை வாங்க வருகிறவன் முதலில் பார்க்க வேண்டியதே, ஆறிக் கிடக்கும் எஞ்சின் எத்தனை உதையில் எழுகிறது என்பதுதான். இவர் அந்தச் சிரமத்திலிருந்து எங்களைக் காப்பாற்றியிருந்தார். “ஆறட்டும், காத்திருக்கிறோம்,” என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் டயரைப் பார்த்தேன். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு வருஷம். வண்டியின் வயதுதான் டயருக்கும். ரப்பர் நகம் பதியாத அளவுக்கு இறுகி, மெல்லிய கோடுகளாக வெடித்திருந்தது. வெடிப்புகளின் மேல் சந்தனப் பொட்டு.

“வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஜம்முனு கழுவி, பொட்டு வெச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கிருவோமுங்க. கொழந்த மாதிரி வெச்சிருக்கேன்.”

ஆக, அதன் ஆண்டுப் பயணம் ஓர் எலுமிச்சம்பழத்தின் அகலம். கழுவிய தண்ணீர் செயினுக்குள் தங்கி, கண்ணிகள் மடங்காமல் விறைத்து நின்றன. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை அழுத்தினேன். சீல் காய்ந்துபோய் எண்ணெய் கசிந்தது. சீட்டுக்கு அடியில் எலி ஒயரைக் கடித்திருந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும், “சின்ன விஷயங்க,” என்றார். எந்தக் குழந்தையை இப்படி வளர்த்தாலும் யாராவது போலீசுக்குச் சொல்லியிருப்பார்கள்.

“அண்ணா, வுடுங்க,” என்றான் இவன் என் காதருகே. “மீட்டர் கம்மியாத்தான கீது. நாளைக்கு எனக்கு காடி வோணும்.”

“நாளைக்கு இது பாதி வழியில் நின்றால்?”

அவன் குனிந்து மீட்டரையே இன்னொரு முறை பார்த்தான்.

எஞ்சின் ஆறியது. அவன்தான் உதைத்தான். பதினாறாவது உதையில் இருமிவிட்டு அணைந்தது. அதற்கு மேல் இருமவும் இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு டேங்க் மூடியை அவனே திறந்தான். போன் வெளிச்சத்தில் உள்ளே துரு செதில் செதிலாகத் தெரிந்தது. தேங்கிக் கிடந்த பெட்ரோலிலிருந்து பழைய வார்னிஷும் புளிப்பும் கலந்த ஒரு நெடி எழுந்தது. குனிந்து முகர்ந்தவன் மெதுவாக நிமிர்ந்தான்.

“சார், நான் சொன்னது கரெக்ட்டுதான். இது காடிதான்.”

கோயம்புத்தூர்க்காரர் உறையை எடுத்துப் போர்த்தத் தொடங்கினார்.

திரும்பியதும் அவனைப் பால்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் மராட்டியர் சமீபத்தில் டெம்போ வாங்கியிருந்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் சும்மா நின்றது. பால் கேன் இடித்து இரண்டு பக்கமும் நசுங்கியது, மீட்டர் எப்போதோ செத்தது. ஆனால் போன வாரம்வரை தினமும் ஓடியது. எஞ்சின் சில்லென்று இருந்தது. இரண்டாவது உதையில் எழுந்தது. ஒரு வாரம் ஓட்டிப் பார், பிறகு பேசலாம் என்று மராட்டியில் சொல்லி, ஆர்.சி., இன்சூரன்ஸ் நகலோடு சாவியைக் கொடுத்தார் அவர்.

திங்கட்கிழமை காலை அவனிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. கம்பெனி கேட், அதன் முன்னால் அந்த நசுங்கிய வண்டி. நேரம் ஆறு ஐம்பது. கேட் இன்னும் திறக்கவில்லை.