மூன்று படகில் ஏறிய ரகசியம்

சௌந்தரநாயகிக்குக் கோபம் வந்தால் கணக்குப் போடுவாள். மீன்பிடிக்கிற வீட்டுப் பெண். மன்னார்குடியில் கல்லூரிப் படிப்பு, கையில் அரசு தந்த இலவச லேப்டாப். கோடியக்கரையில் ஐஸ் விற்கிற எனக்கு அவள் கணக்கெல்லாம் புரியும் என்றால் பொய். ஆனால் இந்த ஒன்று புரிந்தது.

தான் நிற்கும் இடத்தைத் தொலைவில் உள்ள படகு அனுப்பினால் அது கரைக்கு எட்டாது. நடுவில் உள்ள படகுகள் அதை வாங்கிக் கரைக்குத் தள்ளிவிட ஒரு கருவி செய்தாள். எல்லோரும் ஆசையாகப் பொருத்தினார்கள். கடலுக்குள் போனதும் அணைத்துவிட்டார்கள். மீன் கிடக்கும் இடத்தை எங்கள் ஊரில் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். அதில் முதல் ஆள் அவளுடைய அப்பா காயாரோகணம். மீன்பிடியில் அவருக்குப் போட்டி உலகநாதன்.

"நான் நிக்கிற எடம் அந்த உலகநாதன் போட்டு வழியா வரணுமா? அதுக்கு ஊரக் கூட்டித் தண்டோராவே அடிச்சிடலாமே!"

வந்தது கோபம். "அப்பா, உங்க எடம் நாப்பதுன்னு வைங்க. கருவி ரகசியமா ஏழுன்னு ஒரு நம்பர எடுத்துக்கும். ஒரு போட்டுக்கு நாப்பத்தேழு அனுப்பும். இன்னொரு ஏழக் கூட்டி அடுத்ததுக்கு அம்பத்துநாலு, மூணாவதுக்கு அறுபத்தொண்ணு. ஒத்த நம்பர வச்சுக்கிட்டு உலகநாதன் சித்தப்பா தலகீழா நின்னாலும் ஒண்ணும் தெரியாது. எந்த ரெண்டு நம்பர் கரைக்கு வந்தாலும் எனக்குப் போதும்."

"ஒண்ணு தொலஞ்சா?"

"தொலையட்டும்ப்பா!"

"பாப்போம்" என்று துண்டை உதறிக்கொண்டு போனார். அவள் கருவிகளை அப்படியே மாற்றி வைத்தாள்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல் திடீரென்று காற்று முறுக்கிக்கொண்டது. படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன; காயாரோகணத்தை மட்டும் காணோம். சௌந்தரநாயகி என் ஐஸ் கொட்டகையில் லேப்டாப் முன்னால் நகத்தைக் கடித்தாள். அப்பா கருவியைப் போட்டாரா? போடாவிட்டால் அந்தக் கடலில் எங்கே போய்த் தேடுவது?

திரையில் ஓர் எண் விழுந்தது. போட்டுவிட்டார்! ஆனால் ஒன்றை வைத்து என்ன செய்ய? இரண்டாவது எண்ணை வாங்கிய படகின் கருவியில் தண்ணீர் புகுந்து அது செத்துவிட்டது. மிச்சம் உலகநாதனின் படகுதான். வந்தது! கழித்தாள், நடுவில் ஒரு எண் இல்லாததால் பாதியாக்கினாள், மறுபடி கழித்தாள். "கெடச்சிட்டாரு!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஐஸ் கட்டியைக் காலில் போட்டுக்கொண்டேன். வலியே தெரியவில்லை.

அந்த இடத்தை உலகநாதனின் கருவிக்கு அனுப்பினாள். பக்கத்தில் இருந்தது அவன்தான். திரும்பிப் போய், எஞ்சின் நின்று நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருந்த படகைக் கட்டி இழுத்து வந்தான். கரையேறிய காயாரோகணம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. உயிர் பிழைத்த மனிதருக்கு இடம் போன கவலை! எனக்கு ஆத்திரமாக வந்தது.

கடல் அடங்கிப் படகுகள் மீண்டும் கிளம்பிய காலையில், உலகநாதன் அந்த இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பினான். காயாரோகணம் தன் படகின் முனையில் ஏறினார். பிறகு கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"டேய் உலகநாதா! அங்க எங்கடா போற? மீனு இந்தப் பக்கம்டா, என் பின்னாடியே வா!"