குளச்சலில் ஓர் அடக்கம்

அலுவலக வேலையாக நாகர்கோவில் வந்தவன், ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் பழைய துறைமுக ஊரான குளச்சலைச் சுற்றுகிறேன். டச்சுக்காரர்களை வென்ற நினைவுத் தூணைப் பார்த்தாயிற்று. படம் எடுத்தாலும் அனுப்ப ஆளில்லை.

என் வெள்ளைச் சட்டையைப் பார்த்து டீக்கடை அக்கா கேட்கிறார்: “அடக்கத்துக்கு வந்தியளா?”

“இல்லக்கா, ஊரைப் பாக்க.”

“ஒத்தைக்கா?”

தலையாட்டுகிறேன்.

“செத்த மனுசனுக்கும் ஆளில்ல. பிள்ளைய ரெண்டும் கல்ஃப்ல, லீவு கிடைக்கல. கொஞ்சம் கூட நடங்க மக்கா.”

சவப்பெட்டி கடைவாசலைக் கடக்கிறது. பின்னால் ஏழெட்டுப் பேர்தான். டீயை வைத்துவிட்டு நானும் நடக்கிறேன். வெயிலுக்கு ஒருவர் தன் குடைக்குள் இடம் தருகிறார். கல்லறையில் எல்லோரும் ஒரு பிடி மண் போடுகிறார்கள், நானும் போடுகிறேன்.

திரும்பும் பஸ்ஸில்தான், இறந்தவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்று உறைக்கிறது.