மதாம் எழுதிய கடைசி வரி

பூந்தமல்லியில் நான்காவது பங்களாவும் நாகம்மாளைத் திருப்பி அனுப்பியது. நாகம்மாளின் பழைய எஜமானி பிரெஞ்சில் எழுதிக் கொடுத்திருந்த நற்சாட்சிக் காகிதத்தைத் துரைசானி சிரித்த முகத்தோடுதான் படித்துக்கொண்டு வந்தாள். கடைசி வரியில் சிரிப்பு நின்றுபோனது. மடித்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

நாகம்மாள் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு மதாம் வீட்டில் ஆறு வருஷம் ஆயாவாக இருந்தவள். புருஷன் ரங்கூனுக்குக் கப்பலேறியதோடு சரி, சேதியே இல்லை. இப்போது திருமழிசையில் தம்பி வீட்டில் ஒண்டியிருந்தாள். தம்பி பெண்டாட்டி கஞ்சி ஊற்றும்போது முகத்தைப் பார்க்கமாட்டாள். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் எந்தப் பங்களாவிலும் வாசலைத் தாண்ட முடியாது. காட்டினாலோ வேலை கிடைக்காது.

கடைத்தெருவில் மனு எழுதும் ஜானகிராமன் முன்பு புதுச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர், பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர். அவரிடம் காகிதத்தை நீட்டினாள்.

"சுத்தக்காரி, நாணயமானவள், குழந்தையை நன்றாகப் பார்ப்பாள். ஆனால் 'ஒர்கெய்' அதிகம்னு எழுதியிருக்கா."

"அப்டின்னா இன்னா சாமி? பெருமைன்னுதானே? உன் பெருமையும் எழுதிக்கீறேன்னு மதாமே சொல்லிச்சே."

"அவளுக்குத் தெரிஞ்ச தமிழ் அவ்வளவுதான். பிள்ளை நடந்ததைப் பார்த்து மனசு பூரிச்சா 'ஃபியேர்'னு சொல்லுவா. அது நல்ல வார்த்தை. இது வேற. திமிர்."

நாகம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது; நடந்ததை அவரிடம் சொன்னாள். மதாமின் தந்தச்சீப்பு காணாமல் போனபோது நாகம்மாளின் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார்கள். மறுநாள் சீப்பு கட்டிலுக்குப் பின்னால் கிடைத்தது. "தப்பா நெனச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டாள் நாகம்மாள். அவ்வளவுதான். மாதக் கடைசியில் காகிதத்தோடு அனுப்பிவிட்டார்கள்.

"அந்த வரியைப் பிளேடால சுரண்டிடட்டுமா?" என்றார் ஜானகிராமன்.

அந்த வீட்டில் அவள் தனக்காகக் கேட்டது அந்த ஒரு மன்னிப்பு வார்த்தைதான்.

"கேட்டது தப்பா சாமி?"

"தப்பில்லை. ஆனா வேலை வேணுமே."

அந்தக் கடைசி வரியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு, "சுரண்டுங்க" என்றாள்.

ஐந்தாவது பங்களாவில் அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். ஒன்பது வருஷம் அங்கேயே இருந்தாள். சொல்லாத சொல்லைச் சொன்னதாக ஏசினாலும், செய்யாததைச் செய்ததாகக் கத்தினாலும், "ஆமாங்கம்மா" என்றே பதில் சொன்னாள். அடக்க முடியாத நாட்களில் கிணற்றடிக்குப் போய், ஒரு குடத்துக்கு நாலு குடமாக இறைத்து ஊற்றிவிட்டு வருவாள். தண்ணீருக்கு அவசரமா என்று அந்த வீட்டுத் துரைசானி ஒருமுறை கேட்டாள். அதற்கும் "ஆமாங்கம்மா" என்றாள்.